ஜீன்ஸ் வாங்கப் போனேன், 1873-க்குப் போய்ச் சேர்ந்தேன்

போன தை மாதம் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். டாக்டர் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். கனமான பொருள் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்பை இறுக்கும் எதையும் ஆறு மாதத்துக்குப் போடக் கூடாது. முதல் இரண்டும் எனக்குப் பெரிய விஷயமில்லை. மூன்றாவதுதான் சங்கடமாகிவிட்டது.

வேட்டி கட்டலாமே என்பீர்கள். வேட்டி நிற்க வேண்டுமென்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், தளர்த்திக் கட்டினால் கொளவாய் ஏரிக்கரையில் நடக்கும்போது நடுவழியில் அவிழ்ந்துவிடும். கைலிக்கும் அதே கதைதான். அலுவலகத்துக்குப் போட்டுப்போன பழைய பேண்டுகள் எல்லாம் பெல்ட் போட்டால்தான் இடுப்பில் நிற்கும். பேரன் வந்து, "தாத்தா, இப்போ எலாஸ்டிக் வெச்ச ஜீன்ஸ் எல்லாம் வந்திருக்கு, வாங்க போலாம்" என்றான். எழுபது தாண்டிய பிறகு முதல் ஜீன்ஸ். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம்.

மூன்று போட்டுப் பார்த்தேன். முதலாவது தொடையோடு நின்றுவிட்டது. இரண்டாவது நிற்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ட்ரயல் ரூமில் இருந்த சின்ன ஸ்டூலில் உட்கார்ந்ததும், ஆபரேஷன் செய்த இடத்தில் பட்டை அழுத்தி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது இடுப்புக்குக் கீழே எங்கேயோ தொங்கியது. கடைப் பையன் நல்ல பிள்ளை. "ஐயா, நின்னு பாருங்க, சூப்பரா இருக்கு" என்றான். "நிக்கிறதுக்கு இல்லப்பா, உட்காரத்தான் வாங்க வந்தேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் துணியின் பெயர் மனதை விட்டுப் போகவில்லை. சீட்டில் "டெனிம்" என்று போட்டிருந்தது. நான் பிரெஞ்சு வழியில் பள்ளிப்படிப்பு படித்தவன். அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு அதில் இரண்டு சொற்கள் தெரியும். "தெ நீம்". நீம் நகரத்திலிருந்து வந்தது என்று அர்த்தம். அங்கே பிடித்த நூல் என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

மூன்று ஊர்ப்பெயர்கள்

நீம் என்பது தெற்கு பிரான்சில் உள்ள பழைய நெசவு நகரம். அங்கே நெய்த ஒரு வகைத் துணியை "செர்ஜ் தெ நீம்" என்பார்கள். அந்தப் பெயர் தேய்ந்துதான் டெனிம் ஆனது என்பது பரவலான கருத்து. ஜீன்ஸ் என்பது இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது. பிரெஞ்சில் ஜெனோவாவை "ஜேன்" என்போம். அந்தத் துறைமுகத்தோடு சேர்ந்த முரட்டுப் பருத்தித் துணிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது பெயர் நம் நாட்டுப் பெயர். ஆங்கிலத்தில் முரட்டு வேலைக் கால்சட்டையை "டங்கரீஸ்" என்பார்கள். அது பம்பாயின் டோங்ரி பகுதியிலிருந்து வந்த சொல். அங்கே விற்ற கெட்டியான பருத்தித் துணியை ஐரோப்பியக் கப்பல்காரர்கள் வாங்கிப் போனார்கள், துணியோடு பெயரும் கப்பலேறியது. பைஜாமா என்ற சொல்லும் இப்படிப் போனதுதான். பாரசீகத்தில் "பாய்" என்றால் கால், "ஜாமா" என்றால் உடை. நாம் கால்சட்டை என்று சொல்வதும் அதே மாதிரி அமைந்த சொல்தான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அந்தத் தொளதொளத்த உடையை இங்கே பார்த்து, வெயிலுக்குச் சுகமாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டு, தங்கள் ஊரில் படுக்கை உடையாக்கிவிட்டார்கள்.

ஆக, உலகத்துக்குத் தளர்வான கால்சட்டையையும் முரட்டுத் துணியையும் கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் ஜீன்ஸில் நம் பெரிய பங்கு வேறு. அது அந்த நீலம்.

நம் கடற்கரை நீலம்

நீலச்சாயத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் "இண்டிகோ" என்று பெயர். இந்தியாவிலிருந்து வந்தது என்பதுதான் அதன் பொருள். ரோமானிய எழுத்தாளர் பிளினி காலத்திலேயே "இண்டிகம்" என்ற பெயர் இருக்கிறது. அந்தச் சாயம் தரும் செடிதான் நம் அவுரி. நாட்டு மருந்துக்கடையில் இன்றும் தலைக்குப் போடும் பொடியாகக் கிடைக்கும். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிட்டுச் சாயம் எடுக்கிறார்கள்.

செய்முறை எளிமையாகத் தெரியும், ஆனால் உழைப்பு அதிகம். செடியை அறுத்து வந்து தொட்டியில் அடுக்கித் தண்ணீர் விட்டு ஊறப் போடுவார்கள். ஓர் இரவு கழிந்ததும் புளித்து நாற்றமெடுக்கும். அந்தத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்கு விட்டு, ஆட்கள் இறங்கிக் காலாலும் மட்டையாலும் மணிக்கணக்கில் அடிப்பார்கள். காற்றுப் படப்பட பச்சையாக இருந்த தண்ணீர் நீலமாகும். நீலம் வண்டலாக அடியில் படியும். அதைக் காய்ச்சி, பிழிந்து, கட்டியாக வெட்டி உலர்த்துவார்கள். துணிக்குச் சாயம் ஏற்றும்போது கட்டியை மறுபடி கரைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் நீலம் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் பானையில் புளிக்கவைத்தால்தான் கரையும். பானையிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னே நீலமாகும்.

இந்தக் கரையிலிருந்து துணி எப்படிப் போனது என்பதற்குச் சாட்சிகள் நம் மாவட்டத்திலேயே நிற்கின்றன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. அவர்கள் இங்கே வந்து உட்கார்ந்ததே துணிக்காகத்தான். இன்னும் தெற்கே, கடப்பாக்கம் பக்கத்தில், உப்பங்கழி ஓரம் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750இல் அது பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குக் கொடுக்கப்பட்டது. பத்து வருஷத்தில், 1760இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு பெரிய துணி வியாபாரி. அவருடைய நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அன்று அரசியலும் துணிமூட்டையும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பது தெரியும்.

புதுச்சேரியிலிருந்து போன நீலத்துணிக்கு "கினே" என்று பெயர். ஆப்பிரிக்காவின் கினி கரைக்குப் போவதால் அந்தப் பெயர். ஆரம்பத்தில் அந்தக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கவே இப்படிப்பட்ட இந்தியத் துணிகள் விலையாகக் கொடுக்கப்பட்டன. இதை மறைத்துவிட்டு நம் துணியின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமில்லை. பிறகு செனகல் நதிக்கரையில் கருவேலம் பிசின் வாங்க அதே துணி பணம் போலவே புழங்கியது. அங்கிருந்த மூர்களுக்குப் புதுச்சேரி நீலம்தான் வேண்டும். பிரான்சில் அதைப் போலவே நெய்து அனுப்பியதை அவர்கள் விரும்பவில்லை. மோந்து பார்த்தும் தடவிப் பார்த்தும் அசல் எது என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

1820களின் கடைசியில் புதுச்சேரியில் இயந்திர ஆலை வந்தது. அதுதான் பிற்காலத்தில் சவானா மில் என்று பெயர் பெற்றது. 1898இல் ரோடியர் மில் வந்தது. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் எங்கள் தெருவில் சோறு வடிப்பார்கள். சங்குக்குப் பின்னால் இருந்த கதை எனக்குப் பாடப் புத்தகத்தில் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் தெரியும்.

நான் கவனித்த விஷயம் இதுதான். இவ்வளவு நீலம் காய்ச்சி, இவ்வளவு துணி நெய்த நம் ஆட்கள் அதைக் கால்சட்டையாகத் தைத்துப் போடவில்லை. வயலில் கோவணம், வீட்டில் நாலுமுழம், விசேஷத்துக்கு எட்டுமுழம். வெயிலுக்கும் சேற்றுக்கும் அது போதும். உட்கார, குந்த, மடித்துக் கட்ட, தலையில் சுற்ற, ஈரமானால் பிழிந்து காயப்போட அதைப் போல் வசதி எதுவுமில்லை. அப்படியானால் கால்சட்டை நம் காலுக்கு எப்படி வந்தது?

வாசலில் நின்றவர்கள்

சிப்பாய்க்கு முதலில் வந்தது. போலீசுக்கு அரைக்கால்சட்டை வந்தது. பிறகு கச்சேரிக் குமாஸ்தாக்களுக்கும் வக்கீல்களுக்கும் வந்தது. அவர்களின் பழைய படங்களைப் பார்த்தால் சிரிப்பும் பாவமும் சேர்ந்து வரும். மேலே தலைப்பாகை, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, கீழே பஞ்சகச்சம். உடம்பின் மேல் பாதி ஆபீசுக்குப் போய்விட்டது, கீழ்ப் பாதி வீட்டிலேயே நிற்கிறது. எதைப் போட்டால் உள்ளே விடுவார்கள் என்பதுதான் கேள்வி. எது சுகம் என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் புதுச்சேரியில் 1873இல் நடந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல், ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி அவரை உள்ளே அனுமதிக்கவில்லை. காலில் என்ன போட்டிருக்கிறார் என்பதற்காக ஒரு வக்கீலுக்கு வாதாடும் உரிமை இல்லாமல் போனது. அவர் விடவில்லை. பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

பிறகு 1881 செப்டம்பர் 21இல் ஓர் ஆணை வந்தது. சாதி வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்புகிறவர் ஏற்கலாம் என்றது அது. அப்படிச் செய்தவர்கள் பிரெஞ்சுப் பாணியில் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் "லா போர்த்". பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். லா போர்த் என்றால் கதவு. புதுச்சேரியில் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தும், வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு மனிதரின் பெயர் அது என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

அதே வருஷம், அமெரிக்காவில்

1873 என்ற வருஷத்தை எழுதியதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதே வருஷம் மே 20ஆம் தேதிதான் அமெரிக்காவில் ஜீன்ஸுக்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 139121.

அந்தக் கதையைக் கடைப் பையன் கேட்டிருந்தால் என்னைப் புரிந்துகொண்டிருப்பான். நெவாடாவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையல்காரர். ரீகா நகரத்திலிருந்து குடியேறியவர். 1870-71 குளிர்காலத்தில் ஒரு பெண்மணி அவரிடம் வந்தாள். அவள் கணவன் விறகு வெட்டுகிறவன். பருத்த ஆள், அப்போது உடம்பும் சரியில்லை. போட்டுக்கொண்டு கடைக்கு வர நல்ல கால்சட்டை கூட அவனிடம் இல்லை. அதனால் அவள் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவெடுத்து வந்தாள். சீக்கிரம் கிழியாத கால்சட்டை வேண்டும் என்றாள். டேவிஸ் குதிரைச் சேணத்துக்குப் போடும் செம்பு ஆணிகளைப் பை முனைகளில் அடித்துத் தைத்துக் கொடுத்தார். விலை மூன்று டாலர். ஊரே அதைக் கேட்டு வரத் தொடங்கியது. காப்புரிமை வாங்கத் தனியாகப் பணம் இல்லாமல், தனக்குத் துணி விற்ற சான்பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்கு எழுதினார். இருவரும் சேர்ந்து பதிவு செய்தார்கள்.

ஆக, ஜீன்ஸின் முன்னோடியைப் போட்ட மனிதர் சினிமா நடிகர் இல்லை. உடம்பு சரியில்லாத பருத்த மனிதர். அளவெடுத்தது அவர் மனைவி.

அந்தக் காலத்து ஜீன்ஸ் தொளதொளவென்று இருக்கும். இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும். பெல்ட் கிடையாது, தோளில் வார் போட்டுத் தொங்கவிடுவார்கள். பின்பக்கம் தளர்த்தி இறுக்க ஒரு சின்னப் பட்டை இருக்கும். பெல்ட் மாட்டும் வளையம் 1922இல்தான் வந்தது. உட்கார்ந்தால் நாற்காலியைக் கீறுகிறது என்று பின்பை ஆணிகளை 1937இல் துணிக்குள் மறைத்தார்கள். கவட்டையில் ஒரு ஆணி இருந்தது. அது போட்டவனுக்கு எவ்வளவு இம்சை என்று சொல்ல வேண்டியதில்லை. போர்க்காலச் சிக்கனத்தில்தான் அதற்கு விடுதலை கிடைத்தது. போட்டவர்கள் குறை சொல்லச் சொல்ல, உடை கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது.

நீலமும் அப்படியே நம் கையை விட்டுப் போனது. ஜெர்மனியின் பேயர் என்ற விஞ்ஞானி செயற்கை நீலத்துக்கு வழி கண்டார், 1905இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1897இல் தொழிற்சாலை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரி வயல்கள் சுருங்கின. இன்றைய ஜீன்ஸ் எல்லாம் பெரும்பாலும் அந்த நீலம்தான். ஆனால் குணம் மாறவில்லை. நீலம் நூலின் மேல்தோலில்தான் ஒட்டும், உள்ளே போகாது. பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் வெளிப்புறம் நீலமும் உட்புறம் வெளுப்புமாக இருக்கிறது, தேயத்தேய முட்டி வெளுக்கிறது.

அங்கேயும் வாசல்காரர்கள் இருந்தார்கள். 1951இல் பாடகர் பிங் கிராஸ்பி கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு ஓட்டலுக்கு நீல டெனிம் உடையில் போனபோது, யாரென்று தெரியாமல் இடமில்லை என்றுவிட்டார்கள். அதைக் கேட்ட ஜீன்ஸ் நிறுவனம், விருந்துக்குப் போடும் கோட்டையே டெனிமில் தைத்து அவருக்குக் கொடுத்தது.

எங்கள் ஆபீஸ் காலம்

நான் 1970களில் வேலையில் சேர்ந்தேன். அப்போது ஆபீசில் மூத்த குமாஸ்தாக்கள் வேட்டி, புதிதாகச் சேர்ந்தவர்கள் பேண்ட். அப்போது டெரிலின், டெரிகாட் காலம். கசங்காது, இஸ்திரி வேண்டாம், வருஷக்கணக்கில் உழைக்கும். பண்டிகை முன்பணம் வாங்கியதும் துணி எடுத்து டெய்லரிடம் கொடுப்போம். ஆனால் மே மாதத்தில் செங்கல்பட்டு வெயிலில், மின்விசிறி எட்டாத மூலையில், அந்தத் துணியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தொடையிடுக்கில் வேர்க்குரு, இடுப்பில் பெல்ட் தடம், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைலிக்கு மாறினால்தான் உயிர் வரும். பேண்டை அவிழ்த்த பிறகுதான் மனிதனாக ஆனோம் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் பேண்ட் போட்டால்தான் மேலதிகாரி "வாங்க" என்பார் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனால் அங்கே தலைகீழாக இருக்கும். வசதியான நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் சாயம் போன, முட்டி கிழிந்த ஜீன்ஸில் கடற்கரைக் கோயில் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். இஸ்திரி மடிப்பு கலையாமல் நின்றுகொண்டே கடலைப் பார்த்துத் திரும்பியது நாங்கள்தான். அந்த நாளில் ஜீன்ஸ் வேண்டுமென்றால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். 1980இல் ஃபிளையிங் மெஷின் வந்தது. 1990களின் நடுவில் அர்விந்த் மில்ஸ் "ரஃப் அண்ட் டஃப்" என்று துணி, ஜிப், பொத்தான், ஆணி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக விற்றது. உள்ளூர் டெய்லர் தைத்துக் கொடுப்பார். என் மகன் ஜீன்ஸ் போட்டது அந்தக் காலத்தில்தான். நான் அவனைத் திட்டினேன். "ஆபீசுக்கு இப்படிப் போனா உள்ளே விடுவானா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தால், அந்த நீதிபதி கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டிருக்கிறேன்.

வாசல் பிரச்சினை முடிந்துவிட்டதா? 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. 1873இல் நீதிமன்றத்துக்குள் விடாதது ஐரோப்பியக் காலணியை, 2014இல் மன்றத்துக்குள் விடாதது நம் வேட்டியை. இரண்டிலும் நிறுத்தப்பட்டது ஒரு தமிழர். அந்த ஆண்டே, வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றம் சட்டம் போட்டது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உத்தரவில், ஆண்கள் சட்டையோடு முறையான பேண்ட், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி அணியலாம் என்று இருந்தது. எங்கள் காலத்தில் வேட்டி கட்டிய மூத்த குமாஸ்தாக்கள் இதைப் படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஜீன்ஸுக்கு மட்டும் அதில் இடமில்லை.

கடைசியில் கிடைத்தது

ஜவுளிக்கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாலாம் நாள், டேவிஸ் கதையை வீட்டில் சொன்னேன். என் மனைவி கேட்டுவிட்டு, "அந்தம்மா கெட்டிக்காரி" என்றாள். பிறகு பூக்கட்டும் நூல் கொஞ்சம் எடுத்து வந்தாள். "என்னங்க, நாற்காலியில உட்காருங்க. நின்னா அளவு தப்பா வரும்" என்றாள். உட்கார வைத்து வயிற்றைச் சுற்றி, தழும்புக்கு மேலே, அளவெடுத்து முடிச்சுப் போட்டாள். ஐம்பது வருஷமாக எத்தனையோ டெய்லர்கள் என்னை நிற்க வைத்துத்தான் அளவெடுத்தார்கள். வாழ்நாளில் பெரும்பகுதி உட்கார்ந்து எழுதிய ஆளுக்கு உட்கார வைத்து அளவெடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தொளதொளத்த பருத்திக் கால்சட்டை தைக்கும் டெய்லர்கள் உண்டு. அதில் ஒருவரிடம் அந்த நூலைக் கொடுத்தேன். நூலைப் பார்த்து பாய் சிரிக்கவில்லை. மெல்லிசு டெனிம் துணி எடுத்து, இடுப்பில் முன்னால் தட்டைப் பட்டை, பின்னால் மட்டும் எலாஸ்டிக், உள்ளே முடிந்துகொள்ள நாடா, கவட்டையில் சதுரமாக ஒரு ஒட்டுத் துண்டு வைத்துத் தைத்தார். "சார், இது பைஜாமாவுல வைக்கிற துண்டு. இது இருந்தா குந்தலாம், பஸ் ஏறலாம், தையல் விடாது" என்றார். ஜீன்ஸுக்குள் பைஜாமா வந்து உட்கார்ந்துகொண்டது.

என்னைப் போன்றவர்களுக்காகக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் எடுத்தாலும் சரி, தைத்தாலும் சரி, உட்கார்ந்து பார்க்காமல் எடுக்காதீர்கள். பட்டை தொப்புள் பக்கம் வரை ஏறி நிற்க வேண்டும். கீழே நின்றால் உட்காரும்போது வயிற்றை வெட்டும். துணியின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். நம் வெயிலுக்கு எட்டு முதல் பத்து போதும், பன்னிரண்டு பதினாலு மலைப்பிரதேசத்துக்கு. ஸ்ட்ரெச் என்று சொல்வது 1958இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த ஸ்பாண்டெக்ஸ் இழை. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தால் முட்டி மடங்கச் சுகம். அதற்கு மேல் போனால் உடம்போடு ஒட்டிக்கொண்டு வேர்க்கும். கை நடுக்கம் உள்ளவர்கள், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியவர்கள், இரும்புப் பொத்தான் உள்ளதை எடுக்காதீர்கள். அவசரத்தில் அது திறக்காது. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. நம் வயதில் இது எல்லோருக்கும் உள்ளதுதான்.

போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு பேரனோடு ஆலம்பரைக்குப் போனேன். இடிந்த சுவர் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். எங்கேயும் அழுத்தவில்லை. துய்ப்ளே, துணிமூட்டை, கதவு என்று பெயர் வைத்துக்கொண்ட வக்கீல் எல்லாவற்றையும் பேரனிடம் சொன்னேன். பாதி கேட்டான், பாதி நேரம் போனைப் பார்த்தான். கடைசியில், "தாத்தா, கோர்ட்டுல நிறுத்தினாங்களே, அவர் ஷூவைக் கழட்டிட்டு உள்ளே போயிருக்கலாமே?" என்று கேட்டான்.

"போயிருக்கலாம்" என்றேன். "அவருக்கு அப்புறம் வந்தவங்களும் கழட்டிக்கிட்டே இருந்திருப்பாங்க."

அவன் போனைப் பையில் வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் இருவரும் உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியதும் எழுந்து வந்தோம்.